முகவரி எழுதிய பாட்டு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வந்திருந்தார். ரயில்வே தபால் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பது வருஷம் தபால் பிரித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் முதலில் முகவரியைத்தான் பார்ப்பார். உள்ளறையில் என் மகன் போனில் ராப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தான். மாமா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"ஏன் மாப்ளே, இதுல ராகம் எங்க இருக்கு? ஒருத்தன் மூச்சு விடாம பேசிக்கிட்டே போறான். இத எப்படிப் பாட்டுங்கிறது?"

மாமா குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுப்பில் இஞ்சி தட்டிப்போட்ட டீ கொதித்துக்கொண்டிருந்தது. ராப் இசை முழுவதையும் விளக்க ஒரு சாயங்காலம் போதாது. "ஒரே ஒரு ஆல்பத்தைப் பத்திச் சொல்றேன் மாமா. மொத்தம் 10 டிராக். எல்லாம் சேர்ந்து 40 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். அதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததுக்கு வழி தெரிஞ்சிடும்" என்றேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாமாவின் கேள்வி பல வீடுகளில் கேட்கப்படுகிற கேள்வி.

அந்த ஆல்பத்தின் பெயர் 'இல்மாட்டிக்'. 1994 ஏப்ரல் 19 அன்று கொலம்பியா ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. பாடியவர் நாஸ். முழுப்பெயர் நாசிர் ஜோன்ஸ். அப்போது வயது 20. அதுதான் அவருடைய முதல் ஆல்பம்.

முகவரியிலிருந்து தொடங்கினேன். மாமாவுக்கு அதுதானே பிடிக்கும்.

நியூயார்க் நகரத்தில் ஈஸ்ட் ரிவர் என்று ஒரு ஆறு. அதன் மேற்குக் கரையில் மன்ஹாட்டன். வானம் தொடும் கட்டடங்களும் பெரிய வங்கிகளும் அங்கேதான். கிழக்குக் கரையில் குவீன்ஸ். இரண்டையும் இணைக்க 1909-ல் குவீன்ஸ்பரோ பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தின் குவீன்ஸ் பக்கத்து அடிவாரத்தில் 1939-ல், ரூஸ்வெல்ட் அதிபராக இருந்த காலத்தில், ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஒரு குடியிருப்பு கட்டினார்கள். நம் ஊர் ஹவுசிங் போர்டு குடியிருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் குவீன்ஸ்பிரிட்ஜ் ஹவுசஸ். ஆறு மாடிக் கட்டடங்கள் 96. வீடுகள் 3,142. வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு அதுதான்.

அந்தக் கட்டடங்களை மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'ஒய்' வடிவத்தில் இருக்கும். வெளிச்சமும் காற்றும் எல்லா வீட்டுக்கும் வர வேண்டும் என்று அப்படி அமைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் செலவைக் குறைக்க இன்னொரு வேலையும் செய்தார்கள். லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்காது. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒன்றுவிட்டு ஒரு தளத்தில்தான் நிற்கும். இடையில் உள்ள தளத்தில் வீடு இருந்தால் அரிசி மூட்டையோ கைக்குழந்தையோ, எதைத் தூக்கி வந்தாலும் ஒரு தளம் படிக்கட்டில்தான் ஏறவோ இறங்கவோ வேண்டும். அந்தப் படிக்கட்டுகள் குறுகலானவை. பின்னாளில் விற்கக்கூடாததை விற்பதற்கும் ஒளிவதற்கும் சண்டை போடுவதற்கும் அவையே இடமாயின. பணம் மிச்சம் பிடிக்க 1939-ல் எடுத்த ஒரு முடிவு, ஐம்பது வருஷம் கழித்து ஒரு பையன் பயந்து பயந்து வீடு திரும்புவதற்குக் காரணமாகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ஆல்பத்தில் வரும் நடைபாதைகளும் மொட்டைமாடிகளும் முற்றங்களும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

"ஏழைங்க இருக்கிற இடம்னாலே இப்படித்தான் ஆகணுமா?" என்றார் மாமா.

ஆக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. குவீன்ஸ்பிரிட்ஜ் பல வருஷம் ஒழுங்கான, அக்கம்பக்கம் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருந்த இடமாகவே இருந்தது. 1950-களில் வருமான வரம்பைத் தாண்டிய குடும்பங்களை நிர்வாகம் வேறிடத்துக்கு மாற்றியது. அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். மிஞ்சியவர்கள் இன்னும் ஏழைகள், அதிலும் கறுப்பின மக்கள். பின்னர் நகரத்தின் தொழிற்சாலை வேலைகள் குறைந்தன. 1970-களில் நியூயார்க் நகராட்சியே கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. பிறகு 1980-களின் நடுவில் வந்தது கிராக்.

கிராக் என்பது கொக்கைன் பொடியைச் சோடா உப்போடு காய்ச்சி எடுக்கும் சின்னக் கட்டி. கொக்கைன் பணக்காரர்களின் போதை. அதையே கட்டியாக்கி 5 டாலருக்கும் 10 டாலருக்கும் விற்க முடிந்ததால் ஏழைத் தெருவுக்கு அது வந்து சேர்ந்தது. போதை சில நிமிஷங்களில் இறங்கிவிடும், உடனே அடுத்த கட்டி வேண்டும். வாங்குகிறவன் ஒரே நாளில் பலமுறை வருவான். ஆகவே விற்கிறவன் ஒரே முனையில் நிற்க வேண்டும். அந்த முனை யாருக்கு என்பதில் துப்பாக்கி வந்தது. 1990-ஆம் ஆண்டில் மட்டும் நியூயார்க் நகரத்தில் 2,200-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. நாஸுக்கு அப்போது 16, 17 வயது.

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு மாமாவிடம் ஒரு வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 1973.

அந்த வருஷம் மே மாதம் நியூயார்க் மாநில ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் ஒரு போதைப்பொருள் சட்டத்தில் கையெழுத்திட்டார். கொக்கைனோ ஹெராயினோ ஓரிரு அவுன்ஸ் விற்றாலே குறைந்தது 15 வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அதே வருஷம் ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற கட்டடத்தில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் தங்கையின் விழாவுக்கு இரண்டு ரெக்கார்டு பிளேயர்களை வைத்துப் பாட்டு போட்டார். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று இன்று கொண்டாடுவது அதைத்தான். அடுத்த மாதம் செப்டம்பர் 14 அன்று புரூக்ளினில் நாஸ் பிறந்தார். தன் நண்பர்களைச் சிறைக்கு அனுப்பப்போகிற சட்டமும், தான் வாழ்நாளெல்லாம் பாடப்போகிற இசையும், அவரும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். 'இல்மாட்டிக்' இந்த மூன்றும் சந்தித்த இடம்.

அப்பா ஓலு டாரா ஜாஸ் இசைக்கலைஞர். கார்னெட் வாசிப்பவர், டிரம்பெட்டின் தம்பி என்று சொல்லத்தக்க கருவி அது. அவர் தெற்கே மிசிசிப்பி மாநிலத்து நாட்செஸ் ஊர்க்காரர். ப்ளூஸ் என்ற துயரப் பாட்டு விளைந்த மண். அம்மா ஃபேனி ஆன் ஜோன்ஸ். "அவங்க என்ன வேலை பார்த்தாங்க தெரியுமா மாமா? தபால் துறை" என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாஸ் சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பம் குவீன்ஸ்பிரிட்ஜுக்கு வந்துவிட்டது. பின்பு பெற்றோர் பிரிந்தார்கள். அம்மா இரண்டு பையன்களையும் வளர்த்தார். நாஸ் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். வாசிப்பை விடவில்லை. மாடி வீட்டில் இருந்த நண்பனிடம் ரெக்கார்டு போடும் கருவிகள் இருந்தன. இல் வில் என்று கூப்பிடுவார்கள். நாஸ் பாட்டு எழுதுவார், அவன் தாளம் போடுவான். இருவரும் சேர்ந்து பெரிய ஆளாக வேண்டும் என்பது கனவு. 1992 மே மாதம் ஓர் இரவில் அந்த நண்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதே சம்பவத்தில் நாஸின் தம்பிக்கும் குண்டு பட்டது. தம்பி பிழைத்துக்கொண்டான். இரண்டு வருஷம் கழித்து வந்த ஆல்பத்தில் அந்த நண்பனின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

குவீன்ஸ்பிரிட்ஜுக்கு ராப்பில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. மார்லி மார்ல் என்ற தயாரிப்பாளரும் எம்.சி. ஷானும் ராக்ஸான் ஷான்டேயும் அந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள்தான். ஆகவே அங்கே பையன்களுக்கு ராப் என்பது எங்கோ தூரத்தில் இருந்த விஷயம் இல்லை, பக்கத்துக் கட்டடத்து அண்ணன் செய்த வேலை. நாஸ் 1991-ல் மெயின் சோர்ஸ் என்ற குழுவின் ஒரு பாட்டில் ஒரு சரணம் பாடினார். அந்த ஒரு சரணத்தைக் கேட்டே நகரம் திரும்பிப் பார்த்தது. அந்தக் குழுவின் லார்ஜ் புரொஃபசர் அவருக்கு ஸ்டுடியோ வாசலைத் திறந்துவிட்டார். எம்.சி. சர்ச் என்ற ராப்பர் கம்பெனிக்கு அழைத்துச் சென்றார். கொலம்பியாவில் ஃபெய்த் நியூமன் என்ற பெண் அதிகாரி அவரை உடனே ஒப்பந்தம் செய்தார். இப்படித்தான் ஆல்பம் தொடங்கியது.

"சரி மாப்ளே, பின்னாடி டொம்மு டொம்முன்னு கேட்குதே, அது யார் வாசிக்கிறது?"

பெரும்பாலும் யாரும் புதிதாக வாசிப்பதில்லை என்றேன். அதை விளக்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டேன்.

பழைய ஜாஸ் அல்லது சோல் ரெக்கார்டு ஒன்றை எடுப்பார்கள். அதில் ஒரு பியானோத் துணுக்கு, இரண்டு மூன்று வினாடி, மனதைப் பிடிக்கிறது. அதை மட்டும் வெட்டி ஒரு கருவிக்குள் ஏற்றுவார்கள். அதற்குத்தான் சாம்பிள் என்று பெயர். அந்தத் துணுக்கைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, இன்னொரு ரெக்கார்டிலிருந்து எடுத்த டிரம் சத்தத்தை அடியில் வைத்தால் பீட் தயார். அந்தக் காலத்தில் பலர் கையாண்ட கருவி எஸ்.பி.-1200. அதன் நினைவகத்தில் மொத்தமே சுமார் 10 வினாடி ஒலிதான் அடங்கும். அதற்குள் டிரம், பியானோ, பேஸ் எல்லாம் பொருந்த வேண்டும்.

பத்து வினாடி போதாதே, என்ன செய்வார்கள்? மாமா வீட்டில் முன்பு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. 33 வேகத்தில் சுற்ற வேண்டிய எல்.பி.யை 45-ல் போட்டால் பாட்டு கீச்சுக் குரலில் வேகமாக ஓடும், சின்ன வயதில் அப்படிப் போட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். பீட் செய்கிறவர்களும் அதையேதான் செய்தார்கள். 33 ரெக்கார்டை 45-ல் ஓடவிட்டு, வேகமாக ஓடும் ஒலியைக் கருவிக்குள் ஏற்றினார்கள். வேகமாக ஓடுவதால் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். பிறகு கருவிக்குள்ளேயே வேகத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி இழுக்கும்போது ஒலி கொஞ்சம் கரகரப்பாகும், தூசி படிந்தது போலாகும். அந்தக் காலத்து நியூயார்க் ராப்புக்கு அடையாளமாகிப்போன கரகரப்பு அது. இடமில்லாத குறையே அழகாக மாறிவிட்டது.

அதுவரை ஒரு ராப் ஆல்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே தயாரிப்பாளர் அல்லது ஒரே குழு இசை அமைப்பது வழக்கம். 'இல்மாட்டிக்' அந்த வழக்கத்தை மாற்றியது. டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொஃபசர், அக்கம்பக்கத்து நண்பர் எல்.இ.எஸ். என்று ஆளுக்கு ஒன்று முதல் மூன்று பாட்டு வரை. பீட் ராக் எடுத்தது ஜாஸ் பியானோ மேதை அகமது ஜமாலின் சில விரல் அசைவுகள். கியூ-டிப் எடுத்தது ஹீத் பிரதர்ஸ் குழுவின் 1970-களின் ஜாஸ். கடைசிப் பாட்டுக்கு லார்ஜ் புரொஃபசர் எடுத்தது மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்திலிருந்து ஒரு துணுக்கு. மூன்றாவது பாட்டின் முடிவில் மட்டும் ஒரு கருவி நேரடியாக ஒலிக்கிறது. அது அப்பா ஓலு டாராவின் கார்னெட். தனக்கு 20 வயது ஆகிவிட்டதையே ஒரு கொடுப்பினையாக மகன் சொல்கிற பாட்டு அது. மகன் ஓய்ந்ததும் அப்பா ஊதுகிறார். மிசிசிப்பியின் ப்ளூஸ், நியூயார்க்கின் ஜாஸ், குவீன்ஸ்பிரிட்ஜின் ராப் என்று மூன்று தலைமுறை இசை அந்த ஒரு நிமிஷத்தில் வரிசையாக நிற்கிறது.

இனி மாமாவின் முதல் கேள்வி. ராகம் எங்கே?

ராகம் பின்னணியில் இருக்கிறது. முன்னால் இருப்பது சொல்லும் தாளமும். நான்கு தட்டு கொண்டது ஒரு சுற்று. வழக்கமாக 16 சுற்று சேர்ந்தால் ஒரு சரணம். அந்தத் தட்டுகளுக்குள் எந்தச் சொல்லை எங்கே வைப்பது, எங்கே முந்துவது, எங்கே பிந்துவது என்பதுதான் கலை. நம் செய்யுளில் எதுகை, மோனை, இயைபு என்று மூன்று சொல்கிறோம். ஆங்கிலப் பாட்டு பெரிதும் நம்பியது இயைபை, அதாவது வரியின் கடைசியில் ஓசை ஒத்துப்போவதை. முற்காலத்து ராப்பும் அப்படித்தான் இருந்தது. வரி முடியும், ஓசை ஒன்றும், அடுத்த வரி. 1987-ல் எரிக் பி.யும் ராகிமும் கொண்டுவந்த 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தில் ராகிம் அதை உடைத்தார். ஓசை வரியின் நடுவிலும் வந்தது, வாக்கியம் வரியைத் தாண்டி ஓடியது.

நாஸ் அதை இன்னும் நெருக்கமாக நெய்தார். புரிவதற்காக மாமாவிடம் தமிழில் ஒன்று சொல்லிக் காட்டினேன்: "மாடியில் விளக்கில்லை, மூடிய கடையோரம் தேடிய ஆளில்லை." மாடி, மூடிய, தேடிய என்று எதுகை உள்ளே ஓடுகிறது. முடிவில் இயைபும் இருக்கிறது. இதோடு ஒரு தெருவின் படமும் வருகிறது. நாஸின் பாட்டில் இப்படி மூன்று, நான்கு அசைகள் சேர்ந்த ஓசைகள் பல வரிக்கு அறுபடாமல் போகும். அதில் ஓசைக்காக ஒட்டவைத்த சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு சொல்லும் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லும்.

இரண்டாவது டிராக்கைப் பற்றி டிஜே பிரீமியர் பலமுறை சொல்லியிருக்கிறார். பீட் ஓடத் தொடங்கியதும் நாஸ் மைக் முன்னால் நின்று, எப்படி ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை என்று முணுமுணுக்கிறார். அந்த முணுமுணுப்பும் பதிவாகியிருக்கிறது, ஆல்பத்திலும் விட்டுவைத்திருக்கிறார்கள். அடுத்த நொடி தொடங்கி, முதல் சரணம் முழுவதையும் ஒரே மூச்சில், ஒரே டேக்கில் சொல்லி முடித்துவிட்டார். சுடும் சத்தம், சிக்கிக்கொள்ளும் துப்பாக்கி, குழந்தைகள் நிறைந்த கட்டட வாசல். எல்லாம் ஒரு கேமரா ஓடுவது போல வருகிறது. அதில் கதாநாயகன் இல்லை. பயப்படுகிற ஒருவன் இருக்கிறான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஏழாவது பாட்டுக்கு வந்தேன். பெயர் 'ஒன் லவ்'. மாமாவுக்காகவே அதைக் கடைசியாக வைத்திருந்தேன். அந்தப் பாட்டில் பெரும்பகுதி கடிதம்.

சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு நாஸ் எழுதுகிறார். நீ உள்ளே போன பிறகு உனக்கு மகன் பிறந்தான், உன் ஜாடை. உன்னவள் ஏன் உனக்குக் கடிதம் எழுதுவதில்லை? உன் அம்மாவைப் பார்த்தேன், கவலையாக இருக்கிறார். தெருவில் இன்னார் இன்னாரோடு சேர்ந்துவிட்டான். இன்னாரைச் சுட்டுவிட்டார்கள். உள்ளே ஜாக்கிரதையாக இரு. இப்படி ஒருவருக்கு எழுதி முடித்து இன்னொருவருக்கு எழுதுகிறார். ஊர்ச் செய்தியைத் தவிர வேறு எதுவும் இல்லை. உபதேசம் இல்லை. ஆனால் கேட்கக் கேட்க, இத்தனை பேர் ஏன் உள்ளே இருக்கிறார்கள் என்ற கேள்வி தானாக எழும்.

1986-ல் அமெரிக்க மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. 5 கிராம் கிராக் விற்றால் குறைந்தது 5 வருஷம் சிறை. அதே 5 வருஷத்துக்கு, பொடியான கொக்கைன் என்றால் 500 கிராம் வேண்டும். பொருள் ஒன்றுதான். ஏழை விற்கிற வடிவத்துக்கு நூறில் ஒரு பங்கு எடைக்கே அதே தண்டனை. மாநிலத்தில் ராக்ஃபெல்லர் சட்டம், மத்தியில் இது. நாஸின் தலைமுறையில் ஒரு கட்டடத்து வாசலில் நின்ற பையன்கள் கொத்துக் கொத்தாக உள்ளே போனதற்கு இந்தக் கணக்கும் காரணம். 'இல்மாட்டிக்' என்ற தலைப்புக்கே, சிறையில் இருந்த ஒரு நண்பனின் பட்டப்பெயரும் ஒரு காரணம் என்று நாஸ் சொல்லியிருக்கிறார்.

பாட்டின் மூன்றாவது பகுதியில் கடிதம் நின்றுவிடுகிறது. மனம் கலங்கி இரண்டு நாள் வெளியே போய்விட்டு நாஸ் குடியிருப்புக்குத் திரும்புகிறார். பெஞ்சில் ஒரு பையன். வயது 12. போதைப்பொருள் விற்கிறான், புகைக்கிறான், சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டிருக்கிறான். சிரிப்பு குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. நாஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்ததைப் பேசுகிறார். திருந்திவிடு என்று கட்டளையிடவில்லை. யோசிக்க ஏதோ கொஞ்சம் கொடுத்துவிட்டு நடந்து போகிறார். அடுத்த கடிதம் யாருக்கு எழுத வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "ஜெயில்ல இருந்து வர்ற தபால் எனக்குத் தெரியும் மாப்ளே. முத்திரை தனியா இருக்கும். ஜெயிலுக்குப் போற தபால்தான் கம்மி. வர்றது பத்துன்னா போறது ஒண்ணு" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

பிறகு அவரே கேட்டார். "கெட்ட வார்த்தை நிறைய இருக்குமே?"

இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. வசை இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, போதை இருக்கிறது. பெண்களைப் பற்றிய பார்வை குறுகலானது. 40 நிமிஷத்தில் பெண்கள் முழு மனிதர்களாக எங்குமே வருவதில்லை. அதை இருபது வயதின் குறை என்று சொல்லலாம், அந்தத் தெருவின் குறை என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் குறைதான். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் ஆல்பம் இல்லை இது. ஆனால் இதில் வரும் வன்முறை யாரையும் கூப்பிடவில்லை. பெருமை பேசும் இடங்களில்கூடப் பின்னால் ஒரு சாவு நிற்கிறது. அந்தத் தெருவில் பேசுகிற பேச்சிலேயே எழுதியதால்தான் அது சாட்சியம் ஆனது. சாட்சி சொல்கிறவன் சொற்களை நாம் திருத்தி எழுதிவிட்டால் சாட்சியம் செல்லாது.

ஆல்பத்தின் அட்டையையும் மாமாவுக்குப் போனில் காட்டினேன். ஏழு வயது நாஸின் முகம். அந்த முகத்தின் மேலேயே கட்டடங்களும் தெருவும் படிந்திருக்கின்றன. பையனுக்குள் தெரு இருக்கிறதா, தெருவுக்குள் பையன் இருக்கிறானா என்று பிரிக்க முடியாதபடி. வசைச் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு ஒதுக்கியிருந்தால் இந்த ஏழு வயது முகம் நமக்குத் தெரிந்திருக்காது.

வெளியாகும் முன்பே திருட்டு கேசட்டுகள் நியூயார்க் தெருக்களில் சுற்றிவிட்டன. ராப் உலகத்தின் முக்கியப் பத்திரிகையான 'தி சோர்ஸ்' 5-க்கு 5 மைக் கொடுத்தது. முதல் ஆல்பத்துக்கு அவர்கள் அவ்வளவு எளிதில் கொடுக்காத மதிப்பெண் அது. விற்பனை மெதுவாகத்தான் நடந்தது. 5 லட்சம் பிரதி என்ற கோல்டு அங்கீகாரம் 1996-ல் கிடைத்தது. 10 லட்சம் என்ற பிளாட்டினம் 2001-ல். ஆனால் பின்னால் வந்த ராப்பர்கள் இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே அதே குவீன்ஸ்பிரிட்ஜிலிருந்து மாப் டீப் என்ற இரட்டையர் 'தி இன்ஃபேமஸ்' என்ற ஆல்பத்தோடு வந்தார்கள். 2013-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நாசிர் ஜோன்ஸ் பெயரில் ஹிப்-ஹாப் ஆய்வுக்கான நல்கையை ஏற்படுத்தியது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பெயரில். 2021-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 'இல்மாட்டிக்'கைச் சேர்த்தது.

அந்தச் சட்டங்களும் கொஞ்சம் அசைந்தன. ராக்ஃபெல்லர் சட்டத்தின் கடுமையை 2009-ல் தளர்த்தினார்கள். கிராக்குக்கும் பொடிக்கும் இருந்த 100-க்கு 1 வித்தியாசம் 2010-ல் 18-க்கு 1 ஆனது. பாட்டுதான் சட்டத்தை மாற்றியது என்று சொல்ல மாட்டேன். அதற்காகப் பல ஆயிரம் குடும்பங்களும் வழக்கறிஞர்களும் வருஷக்கணக்காகப் போராடினார்கள். ஆனால் அந்தச் சட்டம் ஒரு தெருவை என்ன செய்தது என்பதை, அந்தத் தெருவில் நின்றபடி 20 வயதில் ஒருவன் எழுதிவைத்துவிட்டான்.

இத்தனை ராப் ஆல்பங்கள் தெருவைப் பற்றி இருக்கும்போது இது மட்டும் ஏன் முப்பது வருஷம் தாண்டியும் நிற்கிறது? என் பதில் மாமாவின் தொழிலில் இருக்கிறது. இது முகவரி எழுதிய பாட்டு. பொதுவாக வறுமை, பொதுவாக வன்முறை, பொதுவாக நகரம் என்று இதில் எதுவும் இல்லை. இந்தப் பாலத்தடி, இந்தக் கட்டடம், இந்தப் படிக்கட்டு, இந்த பெஞ்ச், இந்த நண்பன். ஒரு சின்ன இடத்தைத் தெருப்பெயர் பிசகாமல் சொன்னதால்தான் அந்த இடத்தைப் பார்த்திராதவர்களுக்கும் வந்து சேர்ந்தது. முகவரி தெளிவாக இல்லாத கடிதம் எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஸார்ட்டிங் மேஜையிலேயே தங்கிவிடும் என்பதை மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும் முன் மாமா உள்ளறைக்குப் போய் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் கடுதாசிப் பாட்டைப் போடுறா" என்றார். அவன் போட்டான். ஆங்கிலம் முழுக்கப் புரியாத இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அவன் பொறுமையாகச் சொன்னான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை காதில் ஹெட்போனோடு எதையோ கேட்டுக்கொண்டிருக்கலாம். இரைச்சல் என்று ஒதுக்கும் முன் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். யார் பாடுகிறார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேளுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் 'இல்மாட்டிக்' எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது பாட்டு. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.